கிதாருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

அரசுக் கல்லூரியின் ஆண்டு மலரில் மின் கிதாரின் விலையைப் பற்றி ஒருவன் கட்டுரை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இலவசப் பேருந்து அட்டையை நம்பிக் கல்லூரிக்கு வரும் நமக்கு, இலட்ச ரூபாய் இசைக்கருவியைப் பற்றி என்ன பேச்சு என்பது நியாயமான கேள்விதான். ஆயினும் பேசத்தான் வேண்டும் என்கிறேன். 'எதற்கு எவ்வளவு' என்ற கணக்கு, கையில் பணம் குறைவாக உள்ளவனுக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது. பணம் படைத்தவன் வாங்கியது சரியில்லை என்றால் இன்னொன்று வாங்கிக் கொள்வான். நமக்கு அந்த வசதி கிடையாது.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டில் தையல் வேலை பார்க்கிறார். காலையில் பேப்பர் போட்டும், மாலையில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தும், முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறியும் நான் இரண்டு ஆண்டுகளில் சேர்த்த 42,000 ரூபாய் அஞ்சலகத்தில் இருக்கிறது. உறவினர் ஒருவர் கொடுத்த பழைய மரக் கிதாரில் மூன்று ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். இப்போது மின் கிதார் வாங்க ஆசை. தங்கையோ அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டியவள்.

இந்த ஆசையை வெளியில் சொன்னதும் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. முதல் கட்சி, என் இசை நண்பர்கள். "வாங்கினால் அமெரிக்காவில் செய்த பெண்டர், இல்லையென்றால் கிப்சன்; மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். தவணையில் போட்டுக்கொள்" என்பது அவர்கள் தீர்ப்பு. அவர்கள் காட்டும் கிதார்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் போகின்றன. இரண்டாவது கட்சி, உறவுக்காரர்கள். "நமக்கெல்லாம் எதுக்குப்பா இந்த வேலை?" என்பதோடு அவர்கள் வாதம் முடிந்துவிடும். நான் இந்த இரண்டு கட்சிகளிலும் சேரவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரை.

முதலில் கருவியைப் பார்ப்போம். மரக் கிதாரில் ஒலியைப் பெருக்குவது உள்ளே குடைவாக உள்ள மரப்பெட்டி. மின் கிதாரின் உடலோ பெரும்பாலும் கெட்டிப் பலகை. எஃகுக் கம்பிகளுக்குக் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. மேலே கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்டறிந்து, நாம் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கும் அதே மின்காந்தத் தூண்டல்தான். அந்தச் சிறு மின்னழுத்தம் பெருக்கியில் வலுப்பெற்று ஒலிபெருக்கியில் ஓசையாகிறது. ஆகவே கிதாரை மட்டும் வாங்கினால் பாதி வாத்தியம்தான் வாங்கினோம். பெருக்கி அதன் மறுபாதி. பணம் முழுவதையும் கிதாருக்குக் கொடுத்துவிட்டு, கிடைத்த ஒலிபெருக்கியில் மாட்டி வாசிப்பவன், பட்டு வேட்டி வாங்கிவிட்டுச் சட்டைக்குக் காசில்லாமல் நிற்பவனைப் போன்றவன்.

சரி, கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது? சுருதி கலையாமல் கம்பியைப் பிடித்து நிற்கும் முறுக்காணிகள், கைக்கு இதமாகத் தேய்த்த கழுத்து, பிசிறில்லாத மெட்டுகள், இரைச்சல் குறைந்த சுருள்கள் ஆகியவற்றைத் தருகிறது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள், நான் மறுக்கவில்லை. ஆனால் மெட்டுகளின் இடத்தைத் தீர்மானிப்பது கணிதம். ஒவ்வொரு மெட்டுக்கும் அதிரும் கம்பியின் நீளம் 1.0595 என்ற விகிதத்தில் குறைந்துகொண்டே வரவேண்டும்; 12-ஆவது மெட்டில் நீளம் சரிபாதியாகும். இந்தக் கணக்கை விலை மாற்ற முடியாது. கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்தபிறகு, குறைந்த விலைக் கிதார்களிலும் இந்தத் துல்லியம் பெரிதும் கூடிவிட்டது. பொருளாதாரத் துறை நண்பர்கள் படிக்கும் குறைந்து செல் விளைவு விதி இங்கே கண்கூடு. 5,000 ரூபாய்க் கிதாருக்கும் 20,000 ரூபாய்க் கிதாருக்கும் உள்ள வேறுபாட்டை எவர் காதும் விரலும் உணரும். 20,000-க்கும் 1,80,000-க்கும் உள்ள வேறுபாட்டை உணரத் தேர்ந்த விரல் வேண்டும். அந்த விரல் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. விலை கொடுத்து வாங்கவும் முடியாது.

வரலாறும் எனக்குத் துணை நிற்கிறது. லியோ பெண்டர் கலிபோர்னியாவில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் கொண்டுவந்த கெட்டிப் பலகைக் கிதாரில் கழுத்தைத் திருகாணி போட்டு உடலோடு முடுக்கினார். செய்வதும் எளிது, பழுதானால் மாற்றுவதும் எளிது. இன்று கௌரவச் சின்னமாகிவிட்ட பெயர், உழைக்கும் கலைஞனின் கைக்கருவியாகத்தான் பிறந்தது.

இன்னொருவர் இங்கிலாந்தின் பிரையன் மே. இளமையில் அவருக்குப் பெயர்பெற்ற கிதார் வாங்கப் பணமில்லை. 1963-இல் தந்தையும் மகனும் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். பழைய கணப்படுப்பின் மேற்சட்டம் கழுத்தாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் உள்ளே போயின. தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் மெட்டுகளுக்கு நடுவே அடையாளப் புள்ளிகளாயின. அந்தக் கிதாரைத்தான் பிறகு 'குயீன்' குழுவில் உலகெங்கும் வாசித்தார். அவரும் இயற்பியல் மாணவரே. விட்ட ஆராய்ச்சியை முடித்து 2007-இல் டாக்டர் பட்டம் பெற்றார் என்பதை நம் துறை நண்பர்களுக்குப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின் மாண்டலினை எடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு கர்நாடக இசையின் கமகங்களை அதில் பேச வைத்தார். வித்வான்கள் வியந்தது விலைச்சீட்டைப் பார்த்தல்ல. டேவிட் கில்மர் 1970-இல் நியூயார்க்கில் ஒரு கடையில் வாங்கிய கறுப்புக் கிதார், 2019-ஆம் ஆண்டு ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. பலகையும் சுருளுமா அந்த விலை பெற்றன? அரை நூற்றாண்டு வாசித்த கைக்குக் கிடைத்த விலை அது.

இதனால் விலை உயர்ந்த கிதார் வாங்குவோர் எல்லாம் ஏமாளிகள் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். இரவுதோறும் மேடையேறிப் பிழைப்பவருக்கு, நடுப்பாட்டில் சுருதி இறங்காத கருவி சோறு போடும் கருவி. அவர் இரண்டு இலட்சம் கொடுப்பது, தச்சர் நல்ல இழைப்புளி வாங்குவது போன்றது. நான் கேட்பதெல்லாம், கருவி அவனவன் தொழிலுக்கும் வரவுக்கும் ஏற்றதா என்பதே. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் போர் வலிமையோடு நிறுத்தாமல் வரவு செலவின் அளவையும் சேர்த்துப் பேசியது காரணமில்லாமல் அல்ல.

அடுத்து, "நமக்கெல்லாம் எதுக்கு?" என்னும் பெரியவர்களுக்கு. நீங்கள் பட்ட கஷ்டத்திலிருந்து அந்தச் சொல் வருகிறது என்பதை அறிவேன். ஆனால் அதே சொல்லைத்தான் நான் கல்லூரியில் சேர்ந்தபோதும் நம் தெருவில் சிலர் சொன்னார்கள். பட்டம் நமக்கு ஆகும் என்றால் இசையும் ஆகும். ஏழை வீட்டுப் பிள்ளை சோற்றுக்கும் வேலைக்கும் மட்டுமே செலவு செய்ய வேண்டும், மற்றவை வசதி படைத்தவருக்கு என்று நாமே கோடு கிழித்துக்கொண்டால், அதை அழிக்க வேறு யாரும் வரமாட்டார்கள்.

அப்படியானால் எல்லை எங்கே? நான் விலையை ரூபாயில் அளப்பதை விட்டு உழைப்பு நாளில் அளக்கத் தொடங்கினேன். பந்தி பரிமாறினால் ஒரு நாளுக்கு 600 ரூபாய். ஆண்டுக்கு ஏறக்குறைய 40 நாட்கள் கிடைக்கின்றன. 1,80,000 ரூபாய் என்றால் 300 பந்தி நாட்கள். அதாவது ஏழரை ஆண்டுகள். சனி பகவானே அதற்கு மேல் பிடிப்பதில்லை! தவணை என்றால், வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 24 மாதங்களுக்கு மாதம் 7,500. என் மாத வருமானமோ 4,000-ஐத் தாண்டியதில்லை. மீதியை அப்பாவின் தோள்தான் சுமக்க வேண்டும். 20,000 ரூபாய் என்றால் 34 நாட்கள், ஓராண்டுக்குள் அடங்கிவிடும்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை வருஷம்டா உழைக்கும்?" நண்பர்கள் யாரும் கேட்காத கேள்வி. கெட்டிப் பலகைக் கிதார் பேணினால் பல பத்தாண்டுகள் உழைக்கும். தேய்ந்த மெட்டை மாற்றலாம். சுருளையும் முறுக்காணியையும் பின்னாளில் நல்லதாக மாற்றிக்கொள்ளலாம். கம்பிகள் மட்டும் வியர்வையில் துருப்பிடிக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை சில நூறு ரூபாய் ஆகும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பதில் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

என் முடிவு இது. கிதாருக்கும், கம்பி உயரத்தையும் சுருதியையும் தேர்ந்தவரிடம் சரிசெய்து வாங்குவதற்கும் சேர்த்து 20,000. சிறிய பெருக்கிக்கும் இணைப்புக் கம்பிக்கும் 7,000. மீதி 15,000 அஞ்சலகத்திலேயே இருக்கும். அது தங்கையின் சேர்க்கைக்கு. கடைக்குப் போகுமுன்பே இந்தத் தொகைகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று இதே நிலையிலுள்ள மாணவ நண்பர்களுக்குச் சொல்வேன். மின்னும் கருவியைக் கையில் வாங்கிய பிறகு போடும் கணக்கு ஒருநாளும் நேராக வராது. கிதாரோ கேமராவோ மிதிவண்டியோ, வாங்கும் பொருள் எதுவானாலும் இதுவே முறை. ஆசைப்படுவோம், அளவை நாமே வகுப்போம், மிச்சமுள்ள நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுப்போம்.