முதுகைக் கொடுக்குமுன் முறையைக் கேளுங்கள்

குனிந்து நிமிர்ந்தே பிழைத்த இனம் நம்முடையது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் சீவி, தோள்கம்பின் இருமுனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்தவர்கள் நம் பெற்றோர். பின்னர் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குலையறுப்பவர் நீண்ட கம்பைத் தூக்கி அண்ணாந்து அறுக்கிறார். அறுத்த குலையைக் குனிந்து தூக்குகிறார். தோட்டத்தை விட்டு வெளியேறியோரில் பலர் இன்று பட்டணத்தில் காவலாளிகள். லோரியில் சுமை ஏற்றுபவர்கள். கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள். வேலை மாறியது, முதுகுவலி மாறவில்லை.

முன்பு இவ்வலிக்கு நாம் நாடியவை மூன்று: வீட்டுத் தைலம், லயத்தில் சுளுக்கு வழிக்கும் பாட்டி, தோட்ட டிரசர் கொடுக்கும் மாத்திரை. இப்போது பட்டணத்துக் கடை வரிசைகளில் ‘கைரோபிராக்டிக்’ என்னும் பலகை தொங்குகிறது. கையாலேயே முதுகெலும்பைச் சரிசெய்யும் வைத்தியம் அது. “போகலாமா? போனால் என்ன செய்வார்கள்? எலும்பை முறித்துவிட மாட்டார்களே?” என்று தோழர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

போகாதீர்கள் என்று நாம் தடுக்கவில்லை. போங்கள் என்று விரட்டவும் இல்லை. போகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்பதே நம் கருத்து. முதல் நாள் வைத்தியர் நம் முதுகைச் சோதிக்கும் நாள் மட்டுமன்று. நாம் வைத்தியரைச் சோதிக்கும் நாளும் அதுவே.

எங்கே பிறந்தது?

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்டு என்னும் தொழிலாளியின் முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்தார். லில்லார்டு கறுப்பினத்தவர், கட்டடம் துப்புரவு செய்து வந்தவர். குறுகிய இடத்தில் குனிந்து சிரமப்பட்டு வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியது போலிருந்தது, அன்றிலிருந்து காது கேட்கவில்லை என்பது அவர் முறையீடு. தாம் எலும்பைச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டது என்று பால்மர் எழுதி வைத்தார்.

இவ்வைத்தியத்தின் முதல் நோயாளி குனிந்து உழைத்த ஓர் ஏழைத் தொழிலாளி என்பது நம் நெஞ்சுக்கு நெருக்கமான செய்திதான். ஆனால் கதை வேறு, சான்று வேறு. காதுக்குரிய நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளையைச் சேர்கிறது. அது முதுகுத்தண்டின் வழியே போவதில்லை. பெரும்பாலான நோய்களுக்கு மூலம் முதுகெலும்பின் பிசகே என்று பால்மர் கொண்ட கொள்கையை மருத்துவ ஆராய்ச்சி மெய்ப்பிக்கவில்லை. ஆகவே, முதுகை நிமிர்த்தினால் நீரிழிவு தீரும், இரத்த அழுத்தம் இறங்கும், ஆஸ்துமா அகலும் என்று எவரேனும் சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இடுப்புவலி வேறு விஷயம். நாட்பட்ட இடுப்புவலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் கூறுதல், உடற்பயிற்சி, உருவிவிடுதல் ஆகியவற்றோடு, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையும் அதில் இடம்பெற்றுள்ளது. எனினும் இதற்குள்ள சான்று வலுவானது என்று அவ்வழிகாட்டி கூறவில்லை. பயன்படக் கூடும் என்ற அளவோடு நிற்கிறது. நம்மவர் பலர் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையையோ அது பரிந்துரைக்கவே இல்லை.

முதல் நாளில் நடக்க வேண்டியது

தளர்ந்த உடை அணிந்து போங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும், பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் அதனையும் எடுத்துச் செல்லுங்கள். பெண்கள் துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்று சோதனை அறையிலும் உடன் வைத்துக்கொள்ளலாம். இதில் கூச்சமோ குற்றமோ இல்லை.

முதலில் பேச்சு. வலி எப்போது தொடங்கியது, எதைத் தூக்கும்போது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் எழுப்புகிறதா, முன்பு விழுந்ததுண்டா, வேறு நோய் உண்டா, என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்க வேண்டும். “முதுகுவலி ஐயா” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறீர்கள், எவ்வளவு பாரம் தூக்குகிறீர்கள், எந்தப் பக்கம் திரும்பித் தூக்குகிறீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். வைத்தியருக்குத் தெரியாத தொழில் நம்முடையது. அதனை நாம்தான் அவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்துச் சோதனை. நடக்கச் சொல்வார், முன்னும் பின்னும் வளையச் சொல்வார். படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார். சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுவார். பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்பார்; கால் விரலை அழுத்திப் பலம் பார்ப்பார். பிறகே முதுகெலும்பை விரலால் தடவி நோவுள்ள இடத்தைக் காண்பார். நரம்பு நசுங்கியிருக்கிறதா என்பதை அறியும் வழிகள் இவை. இவற்றில் ஒன்றையும் செய்யாமல் “படுங்கள்” என்று முதுகில் கை வைக்கிறவரிடம் நாம் முதுகைக் கொடுக்கலாகாது.

எக்ஸ்ரே எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. விழுந்து அடிபட்டவர், எலும்பு தேய்ந்த முதியவர், உள்நோய் உண்டோ என்று சந்தேகிக்கத்தக்கவர் ஆகியோருக்கு அது வேண்டும். ஏனையோருக்கு எடுக்கச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

அதன்பின் அவர் தாம் கண்டதைச் சொல்லி, செய்யப் போவதை விளக்கி, நம் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதித்தால், நம்மைப் பக்கவாட்டிலோ குப்புறவோ படுக்க வைத்து, மூட்டின்மேல் கையை வைத்து, விரைவாகவும் சிறிதளவாகவும் ஒரு தள்ளுத் தள்ளுவார். ‘சடக்’ என்று ஓசை வரலாம். அஃது எலும்பு முறியும் ஓசையன்று. மூட்டுக்குள் இருக்கும் நீரில் வாயுக் குமிழ் உண்டாகும் ஓசை. ஓசை வந்தால்தான் குணமாகும் என்பதும் இல்லை. மறுநாள் உடம்பு நோவது சகஜம். ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

கழுத்தைப் பற்றித் தனியே எச்சரிக்கிறோம். கழுத்தைச் சட்டென்று திருப்பும் சிகிச்சைக்குப் பின், மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. அவை அரிது, ஆயினும் கேடு பெரிது. வேண்டாமென்று தோன்றினால் “கழுத்தைத் தொடாதீர்கள்” என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. படுத்த பிறகும் வேண்டாம் என்று எழுந்து வரலாம்.

கூசாமல் சொல்ல வேண்டியது

நம்மவரிடம் உள்ள பெருங்குறை, வேதனையை மறைப்பது. சிறுநீர் அடைத்துக்கொள்வது, தன்னையறியாமல் கழிவது, மலம் அடக்க முடியாமற் போவது, இருதொடைகளின் உட்புறமும் மறைவிடமும் மரத்துப் போவது, கால்கள் வரவரப் பலமிழப்பது ஆகியவற்றை ஆணும் பெண்ணும் வெட்கப்பட்டு வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் இடுப்புவலியோடு இவை தோன்றினால், முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்பதற்கு அடையாளமாகலாம். அப்போது போக வேண்டிய இடம் கைரோபிராக்டிக் நிலையமன்று. அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அதுவும் அன்றைக்கே. நாள் கடத்தினால் நடையும் சிறுநீர்க் கட்டுப்பாடும் நிரந்தரமாகப் போய்விடக் கூடும்.

முதுகுவலியோடு காய்ச்சலும், காரணமின்றி உடம்பு இளைப்பதும் இருந்தால் அதுவும் டாக்டர் பார்க்க வேண்டியதே. எலும்புருக்கி நோய் நெஞ்சை மட்டுமன்று, முதுகெலும்பையும் தின்னும். புற்றுநோயும் அவ்விடத்துக்குப் பரவுவதுண்டு. அப்படிப்பட்ட எலும்பைத் தள்ளினால் அது நொறுங்கலாம். ஆதலின் முதலில் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள் என்பதே நம் யோசனை. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான்.

கையொப்பத்தில் கவனம்

தொழிலாளியின் வாழ்வு கையொப்பத்தில் தொடங்குகிறது. பல நேரம் கையொப்பத்திலேயே கெட்டும் போகிறது. முதல் நாளே இருபது முறை, முப்பது முறைச் சிகிச்சைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் சலுகை என்று சில இடங்களில் காகிதத்தை நீட்டுவார்கள். “இப்போதே தொடங்காவிட்டால் நடக்க முடியாமற் போகும்” என்று அச்சுறுத்துவதும் உண்டு. தோழர்களே, புதிதாக வரும் இடுப்புவலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணிந்துவிடும். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடினால் இன்னும் நல்லது. முதல் நாள் பார்த்த மாத்திரத்தில் முப்பது நாளுக்கு விலை பேசுகிறவர், நம் முதுகைப் பார்க்கவில்லை; நம் பையைப் பார்த்திருக்கிறார்.

சங்கம் முதலாளியோடு ஒப்பந்தம் பேசும்போது நாம் கேட்பவற்றையே இங்கும் கேளுங்கள். எனக்கு என்ன கோளாறு? என்ன செய்யப் போகிறீர்கள்? ஆபத்து என்ன? எத்தனை முறை வர வேண்டும்? ஒரு முறைக்கு எவ்வளவு? எத்தனை முறைக்குப் பின் குணம் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள்? இதற்கு வேறு வழி உண்டா? முறையாகப் பயின்றவர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார். பதில் பெற்று, வீட்டுக்கு வந்து, குடும்பத்தோடு கலந்து, மறுநாள் முடிவு செய்யுங்கள்.

மலேசியாவில் இத்தொழிலுக்குச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், அதாவது 775ஆம் சட்டம், கைரோபிராக்டிக் வைத்தியரையும் கட்டுப்படுத்துகிறது. அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். அறைச் சுவரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் காட்டச் சொல்லுங்கள். லைசென்சு இல்லாத டிரைவரின் லோரியில் நாம் ஏறுவோமா?

வேலையில் பட்ட காயமானால்

இதனையும் மறக்கலாகாது. குலை தூக்கும்போதோ, மூட்டை இறக்கும்போதோ முதுகு பிடித்துக்கொண்டால், அது நம் சொந்தச் செலவில் தீர்க்க வேண்டிய நோயன்று. வேலையில் நேர்ந்த விபத்து. உடனே மேலாளரிடம் தெரிவித்து எழுத்தில் பதியச் செய்யுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது இது வேலையில் நேர்ந்தது என்று சொல்லிக் குறிக்கச் செய்யுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019ஆம் ஆண்டு முதல் சொக்சோவின் வேலைவிபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து வரிசையில் வேலை செய்யும் அந்தத் தோழருக்கும் இதனைச் சொல்லுங்கள். மலாக்காவில் சொக்சோ நடத்தும் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம், காயம்பட்ட தொழிலாளர் மீண்டும் வேலைக்குத் திரும்புவதற்கென்றே ஏற்பட்டது. இவ்வுரிமைகளையெல்லாம் விட்டுவிட்டு, கைப்பணத்தைத் தனியார் நிலையத்தில் கொட்டிய பின் சங்கத்துக்கு வருவதில் பயன் குறைவு.

எந்தக் கை வைத்தியமும், மறுநாளே அதே பாரத்தை அதே மாதிரி தூக்கினால் நிலைக்காது. இருவர் தூக்க வேண்டியதை ஒருவர் தலையில் கட்டும் நிர்வாகம் இருக்கும்வரை, மாதந்தோறும் முதுகைச் சரிசெய்து மாதந்தோறும் கெடுத்துக்கொண்டிருப்போம். பாரத்தைக் குறைப்பது வைத்தியரால் ஆகாது; அது நம் ஒற்றுமையால் ஆக வேண்டியது. ஆனால் அந்தப் போராட்டத்துக்கும் நிமிர்ந்த முதுகு வேண்டுமல்லவா? ஆகவே போங்கள், ஆனால் கேட்டுப் போங்கள். விவரம் கேளாமல் படுக்காதீர்கள். படித்துப் பாராமல் கையொப்பமிடாதீர்கள்.