சிரிப்பு யார்மேல் விழுந்தது?



கடலூரில் ஒரு சிரிப்பு; சிதம்பரத்தில் வேறொரு சிரிப்பு. இடையே நான்கே நாட்கள்! “நாடகாசிரியர் நடுங்கிவிட்டார், மூன்றாம் காட்சியை மாற்றிவிட்டார்” என்று மாற்றார் முரசறைகின்றனர். “கைதட்டல் வாங்கிய காட்சியில் கைவைக்கலாமா?” என்று நம்மவரும் கேட்கின்றனர். இருவருக்கும் விடை ஒன்றே. ஆம், மாற்றினேன். அஞ்சி அல்ல, வெட்கி மாற்றினேன்!

நடந்தது இது. பண்ணையார் எதிரே வெட்டியான் வருகிறான். தன் நிழல் அவர்மேல் பட்டுவிடுமோ எனப் பதறி, துள்ளி, தடுக்கி, சேற்றில் விழுகிறான். திருப்பாதிரிப்புலியூர்ப் பந்தலே அதிரச் சிரித்தது. பண்ணையாரின் ஆணவத்தைச் சாடவே அதை எழுதினேன். சிரிப்போ, சேற்றில் கிடந்தவன்மேல் விழுந்தது! திரை விழுந்தபின், சுவரொட்டி ஒட்டிக் கழகம் வளர்த்த பெரியவர் ஒருவர் அருகே வந்தார். “நாடகம் நன்றாயிருந்தது, தம்பி. என் பேரன்தான் சிரிக்கவில்லை” என்றார். வேறெதுவும் சொன்னாரில்லை. சொல்லவும் வேண்டுமோ?

அன்றிரவே காட்சியைத் திருத்தினேன். சிதம்பரத்தில் வெட்டியான் நிமிர்ந்து நின்றான்; நகரவேயில்லை. மாலைக் கதிரவன் சாயச் சாய, அவன் நிழல் நீண்டது. நிழலுக்கு அஞ்சிய பண்ணையார் ஓரடி, ஈரடி எனப் பின்வாங்கி, தம் குளத்திலேயே தொப்பென விழுந்தார். சிரிப்பு குறையவில்லை; அதன் முகவரி மட்டுமே மாறிற்று.

எழுதியதை மாற்றுவது இழுக்கு என்கிறார்களே, மேடைப் பேச்சை அசையாமல் கட்டிப்போட விரும்பியவர் யார்? நாடகக்காரரா? இல்லை, ஆள்வோர்! வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு மகளிரைக் கொண்டு வரவேற்ற வங்க வழக்கறிஞர் ஒருவரை, 1876இல் கல்கத்தாவின் கிரேட் நேஷனல் தியேட்டர் கேலி செய்தது. காவலர் தடுத்தனர். பெயரை மாற்றி மீண்டும் ஆடினர். மறுபடியும் தடை. காவல் அதிகாரிகளையே நகையாடி இன்னொன்று ஆடினர்! பீரங்கிக்கு அஞ்சாத ஏகாதிபத்தியம் பரிகாசத்துக்கு அஞ்சியது. அவ்வாண்டே பிறந்தது நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

வெள்ளையன் போனான், அவன் பூட்டிய விலங்கு போகவில்லை. திருவாரூர் தங்கராசு எழுதிய ‘இரத்தக் கண்ணீர்’ நாடகத்தை எம்.ஆர். இராதா இரவுதோறும் புதிதாக்கினார். காலை ஏட்டில் வந்த செய்தி, மாலையில் அவர் நாவில் சாட்டையாயிற்று. பிரதியை மட்டும் படித்த அதிகாரி, மேடையை எப்படி அளப்பான்? அவர் இராமாயண நாடகம் ஆடிய 1954இல், நாடகப் பிரதியைக் கேட்டுப் பெறவும், ‘ஆட்சேபத்துக்குரியது’ என முத்திரை குத்தித் தடுக்கவும் இங்கேயே புதுச் சட்டம் வந்தது. 1967இல் கழகம் கோட்டையேறிய பின்னும் அது சாகவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டாம். ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல், சென்னை உயர்நீதிமன்றம்தான் அதன் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. 1876இன் சட்டமோ 2018இல்தான் ஏட்டைவிட்டு அகன்றது!

ஆக, ‘எழுதியதை மாற்றாதே’ என்பது காவல் நிலையத்தின் இலக்கணம். அதை நாம் ஏன் கலை இலக்கணம் எனக் கும்பிட வேண்டும்? “அப்படியானால் தணிக்கைக்கும் உன் திருத்தத்துக்கும் வேறுபாடென்ன?” என்பீர்கள். அதிகாரம் கேட்கும் திருத்தம், வலியவன் முகம் கோணாதிருக்க. நான் செய்த திருத்தம், எளியவன் முதுகு நிமிர. முன்னது ஆணை, பின்னது மனச்சான்று. ஆணைக்கு ஓர் எழுத்தையும் தரேன். மனச்சான்றுக்கு முழு நாடகத்தையும் தருவேன்!

தில்லையிலே இதைச் சொல்வது பொருத்தம். நந்தன் தீயில் மூழ்கினால்தான் உள்ளே நுழையலாம் என்றது பழங்கதை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அக்கதையைத் திருத்தினார். அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ படத்தில் (1949) அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தில், கிந்தன் தில்லைக்குப் போகவில்லை. கல்வி தேடிப் போனான், உயர்ந்தான். மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர், கிந்தனைப் பார்த்து அல்ல. கலைவாணருக்கு முன்பே, இதே சிதம்பரத்தில், 1916இல், சுவாமி சகஜானந்தர் நந்தன் பெயராலேயே பள்ளி கண்டார். அனற்குழிக்கு விடை பள்ளிக்கூடம்! இதைவிடச் சிறந்த திருத்தம் உண்டோ?

தோழர்களே, நம் மேடைகளில் எத்தனை நகைச்சுவை இன்னும் திக்குவாயனையும் கறுத்த பெண்ணையும் ஏழை வேலைக்காரனையும் உதைத்து வாழ்கிறது! பகுத்தறிவு பேசும் வாய் அதற்குப் பல்லிளிக்கலாமா? கைதட்டலை எண்ணாதீர்கள். பந்தலின் கடைசி வரிசையில் ஒரு சிறுவன் சிரிக்காமல் அமர்ந்திருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால், திருத்துங்கள்.

அவன் சிரிக்கும்வரை நானும் திருத்துவேன்!