பெயரில் ஜனநாயகம், பிழைப்பில் இனவெறி!

ருஷ்யாவிலே ஒரு கட்சி உண்டு. தாராண்மை ஜனநாயகக் கட்சி என்பது அதன் திருநாமம். தாராண்மையும் அங்கில்லை, ஜனநாயகமும் அங்கில்லை. விளாடிமிர் சிரினோவ்ஸ்கி என்பவர், 2022 ஏப்ரலில் மறையும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைத் தமது முதுசம்போல் ஆண்டு வந்தார்.

1993 டிசம்பர்த் தேர்தலில் கட்சிப் பட்டியல் வாக்குகளில் ஏறக்குறைய 23 வீதத்தைப் பெற்று இக்கட்சி முதலிடத்தை அடைந்தது. உலகம் திகைத்தது. நாம் திகைக்கவில்லை. 1992இல் விலைக்கட்டுப்பாடு நீங்கிய ஓராண்டுக்குள் விலைகள் இருபது மடங்குக்கு மேல் ஏறின. ஆயுள் முழுவதும் சேமித்த பணம் கடதாசியாயிற்று. ஆசிரியரும் பொறியியலாளரும் கமக்காரரும் ஒருங்கே வாடினர். வயிறு காய்ந்த அம்மக்களிடம் சிரினோவ்ஸ்கி எதைக் கொண்டு சென்றார்? இழந்த பேரரசை மீட்போம் என்றார். ருஷ்யப் படைவீரர் இந்து சமுத்திரத்தில் சப்பாத்துக் கழுவும் நாள் வரும் என்றார். பசிக்குச் சோறு கேட்டவனுக்குப் பகைமையைப் பரிமாறினார்!

அயலாரோடு அப்பகைமை நின்றதா? 2013இல், வடகோக்கசஸ் பகுதியை முட்கம்பியால் அடைக்க வேண்டும், அங்குள்ளோர் பிள்ளை பெறுவதையும் மட்டுப்படுத்த வேண்டும் என்று தொலைக்காட்சியிலே பேசினார். அம்மக்கள் அந்நியரல்லர்; ருஷ்ய நாட்டுப் பிரஜைகள்!

எளியோரிடம் இத்தனை வீரம் காட்டியவர்கள் வலியோர் முன் என்ன செய்தார்கள்? 1993இல் பாராளுமன்றத்தை யுத்த தாங்கிகளால் சுட்ட ஜனாதிபதி எல்ட்சின்மீது, 1999 மே மாதத்தில் பதவிநீக்கப் பிரேரணை வந்தது. 300 வாக்குகள் வேண்டியிருந்தன. இக்கட்சிக் குழுவோ வாக்கெடுப்பிற் பங்குகொள்ள மறுத்தது. பிரேரணை தோற்றது.

கபரோவ்ஸ்க் மாகாணத்தின் கதை இன்னும் கொடிது. 2018இல், ஆளுங்கட்சியில் வெறுப்புற்ற அம்மக்கள், இக்கட்சியைச் சேர்ந்த செர்கேய் பூர்காலை ஏறக்குறைய 70 வீத வாக்குகளால் ஆளுநராக்கினர். 2020 ஜூலை 9ஆம் நாள், பழைய கொலை வழக்குகளின் பேரில் அவர் கைதானார். குற்றத்தை அவர் மறுத்தார். அக்குற்றம் மெய்யோ பொய்யோ, அதைத் தீர்ப்பது நமது வேலையன்று. கட்சி என்ன செய்தது என்பதே நமது கேள்வி. பாராளுமன்றத்தைவிட்டு வெளியேறுவோம் என்று தலைவர் கர்ச்சித்தார். எவரும் வெளியேறவில்லை. பதினொரு நாள் கழித்து ஜனாதிபதி புட்டின் பதில் ஆளுநரை நியமித்தார். யாரை? அதே கட்சியின் மிகாயில் டெக்தியாரெவை! மக்கள் பல்லாயிரவராய்த் தெருவில் நின்றனர். கட்சி நாற்காலியில் அமர்ந்தது. 2023இல் பூர்காலுக்கு 22 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

2021 தேர்தலில் 450 ஆசனங்களில் இக்கட்சிக்குக் கிடைத்தவை 21. 2024 ஜனாதிபதித் தேர்தலில் புதிய தலைவர் லியோனிட் சிலுட்ஸ்கி மூன்று வீதத்தளவே பெற்று, நால்வரில் கடையரானார்.

இனவெறியைக் கூவி விற்பவன் ஏழையின் தோழனல்லன். ஆள்வோர்மீது பாய வேண்டிய மக்களின் கோபத்தை அடுத்த வீட்டான்மீது திருப்பிவிடும் ஏவலாளி அவன். அந்த ஏவலுக்குக் கூலியாகக் கட்சி நாற்காலி பெற்றது. வாக்களித்த கமக்காரன் பெற்றது என்ன?