பத்திரை செய்தது கொலையா?



போன வாரம் தமிழ் ஐயா ஐம்பெருங்காப்பியங்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். குண்டலகேசி கதையைச் சொன்னதும் வகுப்பே இரண்டாப் பிரிஞ்சு போச்சு. மணி அடிச்ச பிறகும் சண்டை ஓயலை. அதனால்தான் என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குண்டலகேசி நாதகுத்தனார் இயற்றிய பௌத்த காப்பியம். இப்போது 19 பாடல்கள்தான் கிடைத்துள்ளன. கதையை நீலகேசி உரையிலிருந்து தெரிந்துகொள்கிறோம். வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்பட்ட காளன் என்ற கள்வனைப் பார்த்து ஆசைப்படுகிறாள். அவளுடைய அப்பா அவனை மீட்டுக் கல்யாணம் பண்ணி வைக்கிறார். ஒருநாள் ஊடலில் அவள் விளையாட்டாக, "நீ கள்வன்தானே" என்று சொல்லிவிடுகிறாள். அவன் அதை மனசிலேயே வச்சிருந்து, பிறகு அவளை மலை உச்சிக்குக் கூட்டிப்போய், "உன்னைக் கொல்லப் போகிறேன்" என்கிறான். "சாகும் முன் உங்களை வலம் வந்து கும்பிட்டுக்கிறேன்" என்று கேட்ட பத்திரை, பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

பின்னாலிருந்து தள்ளினது வஞ்சகம் என்றான் ஒரு மாணவன். நேருக்கு நேர் நின்று அவனைத் தள்ள அவளுக்குப் பலம் ஏது? பலம் இல்லாதவளுக்கு இருந்தது புத்தி ஒன்றுதான்.

ஓடியிருக்கலாமே என்றாள் என் தோழி. எங்கே ஓடுவது? அது மலை உச்சி. கூப்பிட்டால் வர ஆள் கிடையாது. பக்கத்தில் நிற்பவனோ கொல்லத் துணிந்தவன்.

நம் சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-வது பிரிவு, முன்பு 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 100-வது பிரிவாக இருந்தது. தாக்குகிறவனால் உயிர் போகும் என்று நியாயமாகப் பயப்பட்டால், தற்காப்புக்காக அவன் உயிரையே எடுக்க நேர்ந்தாலும் அது குற்றமில்லை. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அரசுக் காவலைத் தேட நேரம் இருந்தால் இந்த உரிமையும் இல்லை. பத்திரைக்கு அந்த நேரம் இல்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லணும். அவன் மனசு மாறி அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து, அன்று இரவு தூங்கும்போது அவள் கொன்றிருந்தால், நான் அவள் பக்கம் பேச மாட்டேன். அது பழிவாங்கல். மலை உச்சியில் நடந்தது தற்காப்பு.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த இரண்டு கேள்வியும் இல்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "வாயை அடக்கியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?" என்றது. வகுப்பே சிரிச்சது. நானும் சேர்ந்து சிரிச்சேன். வீட்டுக்குப் போன பிறகுதான் சுருக்கென்று தைத்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா அடி வாங்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தாலும், பெரியவர்கள் முதலில் கேட்பது, "நீ என்னடி பேசினே?" என்றுதான். "நீ ஏன்டா அடிச்சே?" என்று அவனை யாரும் கேட்பதில்லை. ஒரு சொல்லுக்கு மறு சொல் சொல்லலாம், கோபப்படலாம், நாலு நாள் பேசாமல்கூட இருக்கலாம். உயிரை எடுப்பதா பதில்?

பத்திரையும் அவனைத் தள்ளிவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பவில்லை. வாழ்க்கையை வெறுத்துத் துறவியாகிறாள். செய்தது நியாயம் என்றாலும் மனசு வலிக்கும்தானே.

என் தீர்ப்பு: பத்திரை கொலைகாரி இல்லை. தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள். ஆனால் "அவள் என்ன பேசினாள்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

பிழை இருந்தால் பொறுத்தருள்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி