ஊர்ப் பத்திரிகையும் ஊர்ச் சரித்திரமும்

பலூச் மக்களின் கதையை நெடுங்காலம் எழுதிவந்தவர்கள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளும், ஜில்லா கெஜட்டியர் தயாரித்த உத்தியோகஸ்தர்களுமே ஆவர். 1930-களில் கராச்சியிலிருந்து வெளிவந்த ‘அல்-பலூச்’ போன்ற சிறு பத்திரிகைகளில் அம்மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசத் தலைப்பட்டனர். இது தூரதேசத்து விஷயம் என்று திருப்பூர்வாசிகள் ஒதுக்கிவிட வேண்டுவதில்லை.

1932 ஜனவரி 10-ஆம் தேதி தேசியக் கொடியுடன் ஊர்வலம் சென்று, போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து, மறுநாள் உயிர்நீத்த குமரனை நாடு அறியும். 1931-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் அமுலில் இருந்த காலம் அது. ஜாமீன் தொகை பறிபோகுமோ, அச்சுக்கூடம் பூட்டப்படுமோ என்ற கவலை தேசியப் பத்திரிகையாசிரியர் ஒவ்வொருவருக்கும் இருந்தது. அவ்வாறிருந்தும் குமரனின் பெயர் மறையவில்லை. ஆனால் அதே ஊரைச் சுற்றிக் கதர் நூல் நூற்ற பெண்களின் பெயர்கள் எங்கே? பனியன் யந்திரங்களை முதன்முதலில் சுழற்றியவர்களின் பெயர்கள் எங்கே? 1984-இல் பஞ்சப்படி கோரி நான்கு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரின் குடும்பங்கள் எவ்வாறு சீவித்தன? தொழிலாளராயிருந்த குடியானவர்கள் முதலாளிகளான விருத்தாந்தத்தை ஷரத் சாரி என்னும் அறிஞர் ஆங்கிலத்தில் எழுதி 2004-இல் வெளியிட்டார். அது அரிய நூலே. எனினும் நம்மவர் கதையை நாம் ஆங்கிலத்தில் படித்தறிய நேர்ந்ததை எண்ணிச் சற்றே நாண வேண்டும்.

ஊர்ப் பத்திரிகைகளின் பழைய இதழ்களே இவற்றுக்கெல்லாம் சாசனம். அவையோ காகிதக் கடையில் எடைக்குப் போகின்றன.

பத்திரிகைகளின்மீதும் குறையுண்டு. நொய்யல் ஆற்றில் சாயநீர் கலந்து நிலம் பாழ்பட்ட ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடியதன் பேரில், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அந்த நிலைமைக்கு முன் எத்தனை வருஷம் கிணற்று நீர் நிறம் மாறியிருக்கும்! விளம்பரம் தருகிறவர் மனம் நோகாமல் செய்தி போடுவது எவ்வளவு சங்கடமானது என்பதை நாம் அறியாதவர்களல்லோம்; நாமும் பத்திரிகை நடத்துகிறவர்களே. ஆயினும் ஆற்றைப் பற்றி ஆற்றங்கரைப் பத்திரிகை வாய் திறவாவிடில் வேறு எது திறக்கும்?

இன்று திருப்பூரில் தையல் யந்திரத்தின்முன் அமர்ந்திருப்போரில் பீகாரிகளும் ஒடியர்களும் ஏராளம். 2023 மார்ச்சு மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் இவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின; வடநாட்டுப் பத்திரிகைகள் சிலவும் விசாரியாமல் அவற்றை அச்சிட்டன. திருப்பூரில் நிகழ்ந்ததென்றும் கோவையில் நிகழ்ந்ததென்றும் காட்டப்பட்ட இரு சம்பவங்களில், ஒன்று பீகார்த் தொழிலாளர் தமக்குள் இட்ட சண்டை, மற்றது உள்ளூரார் தமக்குள் இட்ட சண்டை என்று போலீஸ் தலைமை அதிகாரி விளக்கினார். அதற்குள் பீதி பரவிவிட்டது. பீகார் சர்க்கார் அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. பாட்னாவில் ஏறிய பொய்யைத் திருப்பூரிலேயே மறுத்துச் சொல்ல, அத்தொழிலாளர் நம்பிப் படிக்கக்கூடிய பத்திரிகை இங்கே இருந்திருக்குமானால் இவ்வளவு தூரம் போயிராது. அவர்களுடைய கூலி, குடியிருப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை குற்றச் செய்தியின் ஓரத்தில் மட்டும் தலைகாட்டினால், அவர்கள் நம் பத்திரிகையை எதற்காக நம்புவார்கள்?

திருப்பூர் 2009-இல் தனி ஜில்லாவாயிற்று. ஜில்லா நூலகத்தில் ஓர் அறை ஒதுக்கி, இவ்வட்டாரத்துத் தினசரி, வாரப் பத்திரிகைகள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், முதலாளிகள் சங்கத்தின் அறிக்கைகள் ஆகியவற்றைத் திரட்டிப் படமெடுத்து வைக்கும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம். ஏற்றுமதி வர்த்தகர்களுக்கு இச்செலவு ஒரு பொருட்டல்ல. உள்ளூர்ப் பத்திரிகைகளோ, அரைப் பக்கமேனும் இந்தியிலும் ஒடிய மொழியிலும் அச்சிட்டு, பனியன் கம்பெனி வாசல்களில் வேலை முடியும் நேரத்தில் விற்கத் தொடங்கட்டும்.