மழைக்கு முன் ஒரு பரிசோதனை

ஜூன் பிறந்தால் ஆனைமலையிலும் முதுமலையிலும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். வேட்டைத் தடுப்பு முகாம்களில் துணி காயாது. தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். அதே பூஞ்சை, அலமாரியில் பூட்டிக் கிடக்கும் இரவுப் பார்வைக் கருவியின் லென்ஸிலும் படரும். செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். லென்ஸின் மேற்பூச்சைப் பூஞ்சை அரித்துவிட்டால் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

கருவி பழுதானதும் கரடுமுரடான பாதையையும் மழையையும் காரணம் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. உண்மையில் இரண்டு ரோந்துகளுக்கு இடைப்பட்ட நாட்களில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. உள்ளேயே மறந்துபோன அல்கலைன் பேட்டரி கசிந்து தொடுமுனைகளை அரிக்கிறது. ஈரம் உலராமல் உறைக்குள் போன கருவி உறைக்குள்ளேயே புழுங்குகிறது. இரண்டையும் தடுக்கச் செலவே இல்லை. திரும்பி வந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். மென்துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, காற்றாட உலரவிட்ட பிறகே பெட்டியில் வையுங்கள்.

காற்றுப்புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் மலைமுகாமுக்குக் கட்டாயம். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள். சுமார் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தினால் பழைய நிறம் திரும்பும், மீண்டும் பயன்படுத்தலாம். நீல நிற மணிகளில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு இருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இரவுப் பார்வைக் கருவியின் உயிர் ஒளிபெருக்கிக் குழாயில் இருக்கிறது. விழும் ஒளியை ஒளி எதிர்மின்வாய் எலக்ட்ரான்களாக்க, நுண்துளைத் தட்டு அவற்றைப் பல்லாயிரம் மடங்கு பெருக்க, பாஸ்பர் திரையில் படம் விரிகிறது. மூன்றாம் தலைமுறைக் குழாய்க்கு ஏறத்தாழ 10,000 மணி நேர ஆயுள் சொல்வார்கள். இரவுக்கு 4 மணி நேரம் என்றால் 2,500 இரவுகள். ஆனால் பகல் வெளிச்சத்தில் மூடியில்லாமல் இயக்கினாலோ, ஜீப்பின் முகப்பு விளக்கையே உற்றுப் பார்த்தாலோ குழாயில் அழியாத கறை விழலாம். பகலில் சரிபார்க்கத்தான் முன்மூடியில் ஊசித்துளை வைத்திருக்கிறார்கள். அந்த மூடி தொலைந்தால் மறுநாளே வேறு வாங்கிவிட வேண்டும்.

படத்தில் கரும்புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். கண்பக்க லென்ஸும் சேர்ந்து சுழலும் வகைக் கருவியாக இருந்தால், அதன் வளையத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள். புள்ளியும் கூடவே சுற்றினால் அது லென்ஸில் ஒட்டிய தூசி. அசையாமல் நின்றால் குழாயைச் சேர்ந்தது. சிறிய புள்ளி வேலையைக் கெடுக்காது. விளிம்பிலிருந்து பிறைபோல இருள் உள்ளே ஏறினால் மட்டும் உடனே நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்புங்கள். அது குழாய் செயலிழந்துவருவதன் அறிகுறி.

தூசியை முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும். அதன் பிறகே லென்ஸ் தாளில் ஒரு சொட்டு லென்ஸ் துடைப்புத் திரவம் விட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். சட்டை நுனி கூடவே கூடாது. அதிலுள்ள மணல் துகள் கீறிவிடும். கொசுவிரட்டி தடவிய கையோடும் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பல கருவிகளின் உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பார்கள். முகாமில் திருகாணியைக் கழற்றினால் அந்தக் காப்பு போய்விடும். அடுத்த மழைக்கு லென்ஸின் உட்புறம் பனி படரும்.

வெப்பப் படக்கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அதன் லென்ஸ் பெரும்பாலும் ஜெர்மானியம், அமைப்பே வேறு. அதைச் சூரியனை நோக்கித் திருப்பினால் உணரி கெட்டுவிடக்கூடும்.

இரவில் மட்டுமே நடமாடும் தேவாங்குக்காக 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்த மாநிலம் நம்முடையது. இரவுப் பணியின் அருமை நமக்குப் புதிதல்ல. ஆனாலும் கருவி வாங்க நிதி ஒதுக்கும்போது ஊதி, தூரிகை, பெட்டி, பயிற்சி ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒதுக்க மறந்துவிடுகிறோம். கருவியைச் சுமப்பவர் வேட்டைத் தடுப்புக் காவலர். முப்பதடி தூரத்தில் நிற்பது பாறையா யானையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். மங்கிய லென்ஸ் அவர் உயிருக்கே ஆபத்து. பராமரிப்புப் பயிற்சி அலுவலகத்தோடு நின்றுவிடாமல் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒவ்வொரு வனச்சரகமும் கருவிக்கு ஒரு பொறுப்பாளரையும் ஒரு பதிவேட்டையும் வைக்கட்டும். எடுத்த நேரம், திரும்பிய நேரம், பேட்டரி கழற்றியது, ஜெல்லின் நிறம், கண்ட குறை என்று ஐந்து கட்டங்கள் போதும். மே முடிவதற்குள் அலமாரியைத் திறந்து முதல் வரியை எழுதிவிடுங்கள்.

— ஆசிரியர்