பச்சைத் துண்டு போட்டவரெல்லாம் விவசாயியா? பிரமாணப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்!

 

சட்டமன்றத் தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், நம்ம வாய்க்கால் மேட்டுக்குக்கூட கார் வந்துவிடும். இறங்குகிறவர் தோளில் புதுப் பச்சைத் துண்டு இருக்கும். "நானும் உங்களை மாதிரி ஒரு விவசாயி மகன்தானுங்க" என்று முதல் வார்த்தை வரும். வயலில் இறங்கி நாலு நாற்று நடுவார். போட்டோ எடுத்து முடிந்ததும் காலைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அவர் நட்டதைப் பிடுங்கி நம்ம பெண்கள் திரும்ப நடவேண்டும்!

இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று நாங்கள் பிரித்துச் சொல்லவில்லை. எல்லாக் கட்சியிலும் இவர்கள் இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றுதான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், சுழி பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல் ஒரு ஜோடி மாடு வாங்குவோமா? ஐந்து வருசத்துக்கு நம்ம தண்ணியையும் நிலத்தையும் பற்றிப் பேசப்போகிற ஆளை மட்டும் ஏன் நோட்டீசில் இருக்கிற போட்டோவைப் பார்த்தே முடிவு செய்கிறோம்?

நம்ம ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் போட்டி. எங்கள் கோரிக்கையை எந்தக் கட்சியும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. தேர்தலையே தள்ளி வைத்தார்கள். நாடு முழுக்க நம்மைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் நடந்தது என்ன? ஜெயித்தது கட்சி வேட்பாளர்தான். நம்மவர்களில் பலருக்கு ஒற்றை ஓட்டுகூட விழவில்லை. கோரிக்கையைக் கேட்கச் சொன்னால், அதே வருசம் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். சுயேச்சையாக நிற்பவருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். 2009இல் அந்த 5,000மும் 10,000 ஆகிவிட்டது. நம்ம வாயை அடைக்க டெல்லிக்கு எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்!

அதற்கு முன்னாடி, அய்யா நாராயணசாமி நாயுடு 1982இல் விவசாயிகளுக்கென்று தனிக் கட்சியே ஆரம்பித்தார். ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் மூன்று உயிரைத் துப்பாக்கிச் சூட்டுக்குக் கொடுத்த இயக்கம், தெருவில் இறங்கினால் அரசாங்கத்தையே நடுங்க வைத்தது. ஓட்டுப்பெட்டியில் அந்தப் பலம் வரவில்லை. போராட்டத்தில் ஒன்றாக நிற்கிறவர்கள் ஓட்டுப் போடும்போது சாதியாகவும் கட்சியாகவும் பிரிந்து போனோம். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்த நோட்டீஸ் அடிப்பதிலும் அர்த்தமில்லை.

நாமே நின்று ஜெயிக்க முடியவில்லை என்றால், நிற்கிறவனைச் சோதிக்கவாவது செய்யலாமே!

அதற்கு நம்ம கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. படிவம் 26 என்று பேர். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் சத்தியம் செய்து தரும் பிரமாணப் பத்திரம். இதைக் கட்சிகள் சும்மா தரவில்லை. வேட்பாளரின் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் தெரிந்துகொள்ளும் உரிமை ஓட்டுப் போடுகிறவனுக்கு உண்டு என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உடனே டெல்லியில் கட்சிகள் எல்லாம் ஒன்று கூடி அந்தத் தீர்ப்பை மடக்க ஒரு சட்டம் போட்டார்கள். கரும்புக்கு விலை கேட்டால் ஒன்று சேராதவர்கள், சொத்துக் கணக்கை மறைக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்! 2003 மார்ச்சில் அந்தச் சட்டப் பிரிவையும் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து பத்திரம் கொடுத்தே ஆகவேண்டும். தேர்தல் அலுவலர் ஆபீஸ் பலகையில் ஒட்டுகிறார்கள். தேர்தல் ஆணைய இணையதளத்திலும் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் செல்போனில் ஐந்து நிமிசத்தில் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

அதைப் படிக்கத் தனியாக வக்கீல் வேண்டியதில்லை. நம்மைவிட நன்றாகப் படிக்க எவனாலும் முடியாது!

எப்படி என்கிறீர்களா? விவசாய நிலம் என்ற இடத்தைப் பாருங்கள். எந்த ஊர், எந்தச் சர்வே நம்பர், எத்தனை ஏக்கர், பாட்டன் சொத்தா வாங்கினதா, வாங்கினது என்றைக்கு, என்ன விலைக்கு, இன்றைக்கு என்ன விலை என்று எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பைபாஸ் ரோடு வரப்போகிறது என்று ஊருக்குத் தெரிவதற்கு முன்னாடியே அந்த ரோட்டோரத்தில் வாங்கியிருந்தால் அவர் எப்படிப்பட்ட விவசாயி என்று விளங்கிவிடும். வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் "விவசாயம்" என்று எழுதி, ஐந்து வருச வருமானத்தையும் போட்டிருப்பார். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அதனால் வேறு எங்கோ வந்த பணம்கூட விவசாயம் என்ற பேரில் குளித்துவிட்டு வெளுப்பாக வரும். நாலு ஏக்கர் மஞ்சளில் விதை, உழவுகூலி, களையெடுப்பு, வேக வைத்துப் பாலிஷ் போட்ட கூலி போக என்ன மிஞ்சும் என்று ஆடிட்டருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்! ஆக, "உங்க தோட்டத்தில் மட்டும் இவ்வளவு எப்படிங்க வெளையுது, எங்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லித் தாங்க" என்று கூட்டத்தில் எழுந்து மரியாதையாகக் கேளுங்கள்.

வழக்குகளைப் படிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். பத்து வழக்கு இருப்பதாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார். சாலை மறியல், தடையை மீறிக் கூடியது என்று நம்ம சங்கத்துக்காரர்கள் மீதும்தான் வழக்கு இருக்கிறது. கோர்ட்டுக்கு அலைந்துகொண்டுதான் இருக்கிறோம். அது நமக்கு அவமானம் இல்லை. ஏமாற்று வழக்கு, போலிப் பத்திர வழக்கு, நில அபகரிப்பு, மணல் கடத்தல் இருந்தால் அது வேறு சங்கதி. ஒரு விசயம் ஞாபகம் வையுங்கள்: 2024 ஜூலையிலிருந்து சட்டமே மாறிப்போய் பிரிவு எண்களும் மாறிவிட்டன. ஊருக்கே தெரிந்த 420, இப்போது 318 (4). நம்பரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்து, "சேவை" என்ற வார்த்தை. எந்த வேட்பாளரைக் கேட்டாலும் மக்கள் சேவை செய்யத்தான் வந்தேன் என்பார். கல்யாணத்துக்கு மொய் வைப்பது, எழவுக்கு மாலை போடுவது, கோயிலுக்கு மைக்செட் வாங்கித் தருவது, இதைத்தான் சேவை என்று அவரும் நினைக்கிறார், நாமும் ஒத்துக்கொண்டு விட்டோம். தொகுதி மேம்பாட்டு நிதியில் பஸ் நிழற்குடை கட்டி, நிதி எவ்வளவு என்பதைவிடப் பெரிய எழுத்தில் தன் பேரைப் போட்டுக்கொள்கிறார். அது அவர் வீட்டுப் பணம் இல்லை. 2021இல் அமைந்த சட்டமன்றத்தில் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி என்று அரசாங்கம் ஒதுக்கிய நம்ம வரிப்பணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்.எல்.ஏ. சம்பளத்தை 2017இல் மாதம் 1 லட்சத்து 5 ஆயிரம் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் ஐந்து வருசத்துக்கு 63 லட்சம். ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரை செலவழிக்கலாம் என்று 2022இல் வரம்பை ஏற்றினார்கள். கணக்கில் வராத செலவு எவ்வளவு என்று நம்ம ஊர் ராத்திரிக்குத் தெரியும். பண விநியோகத்தால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். போட்ட முதலைவிட வெள்ளாமை குறைவு என்று தெரிந்தும் எவனாவது விதைப்பானா? அப்படி விதைத்தால், அவன் அறுவடை செய்வது வேறு காட்டில் என்றுதானே அர்த்தம்?

எம்.எல்.ஏ.வின் உண்மையான வேலை சட்டம் செய்கிற இடத்தில் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது?

எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது "நானும் ஒரு விவசாயி" என்று மேடைக்கு மேடை சொன்னார். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020இல் சட்டம் கொண்டு வந்தார், கூட்டுறவுப் பயிர்க்கடனை 2021இல் தள்ளுபடி செய்தார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே 2020இல் டெல்லி கொண்டு வந்த மூன்று வேளாண் சட்டங்களை இந்த விவசாயிதான் ஆதரித்துப் பேசினார். அடுத்து வந்த தி.மு.க. அரசு 2021 ஆகஸ்டில் அந்தச் சட்டங்களை எதிர்த்துத் தீர்மானம் போட்டது, வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட்டது. நாமும் கை தட்டினோம். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாளில், நில ஒருங்கிணைப்புச் சட்டம் விவாதமே இல்லாமல் நிறைவேறிவிட்டது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், உள்ளே ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும் ஒருங்கிணைத்துக் கொடுக்க வழி செய்யும் சட்டம் அது! அதே நாளில் 12 மணி நேர வேலைச் சட்டமும் வந்தது. அதைக் கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தார்கள், அரசு திரும்பப் பெற்றது. ஏரிக்கும் ஓடைக்கும் அப்படிக் கத்த ஆள் இல்லை. 234 பேரில் கிராமத்துத் தொகுதிக்காரர்கள் எத்தனை பேர்! அதே வருசம் நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்றவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் ஆறு பேருக்கு மட்டும் திரும்பப் பெற்றார்கள்.

"கொறடா உத்தரவுங்க, நான் என்ன செய்ய" என்பார்கள். கொறடா ஓட்டைத்தான் கட்டுவார். வாயைக் கட்டுவதில்லை. கேள்வி நேரம் இருக்கிறது, கவன ஈர்ப்புத் தீர்மானம் இருக்கிறது. கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் மாசாமாசம் நடக்கிறது. அதற்கு வந்து உட்கார எந்தக் கொறடா தடுத்தார்?

எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வாங்கலாம். ஆனால் தெலங்கானாவில் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகள் கதையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே 170க்கும் மேற்பட்ட விவசாயிகள் வேட்பாளர்களாக நின்றார்கள். மஞ்சள் வாரியம் ஐந்தே நாளில் கொண்டு வருவேன், இல்லாவிட்டால் பதவி விலகுவேன் என்று பா.ஜ.க. வேட்பாளர் அரவிந்த் பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்து ஜெயித்தார். வாரியம் திறந்தது 2025 ஜனவரியில். ஐந்து நாள் என்பது ஐந்து வருசத்தைத் தாண்டியது, பதவி அப்படியே இருந்தது. மஞ்சள் விற்கிற நமக்கு இதைவிடப் பக்கத்துப் பாடம் வேறு கிடையாது. ஆனாலும் ஒன்று: எழுதிக் கொடுத்த தாள் இருந்ததால்தான் அந்த விவசாயிகள் வருசக்கணக்கில் அவரை விடாமல் கேட்டார்கள். வாரியம் வந்ததில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு.

கீழ்பவானிக் கால்வாய்க் கான்கிரீட் விசயத்தில் நாமே இரண்டாக நிற்கிறோம். கசிவுநீரை நம்பியவர்கள் வேண்டாம் என்கிறோம், கடைமடைக்காரர்கள் வேண்டும் என்கிறோம். வேட்பாளருக்கு இது வசதியாகப் போய்விட்டது. மேலே ஒரு ஊரில் ஒன்று சொல்லிவிட்டு, கீழே வந்து வேறொன்று சொல்கிறார். இரண்டு ஊர்க்காரரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து அவரைப் பேசச் சொல்ல வேண்டும். அவர் சொல்வது நமக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பேர் காதிலும் ஒரே பேச்சு விழட்டும்.

அதனால் சங்கக் கிளை முடிவு செய்திருக்கிறது. வேட்புமனுப் பரிசீலனை முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு, பால் கறந்து ஊற்றிய பிறகு, சொசைட்டி முன்னால் கூட்டம். நம்ம தொகுதி வேட்பாளர்கள் அத்தனை பேரின் பிரமாணப் பத்திரமும் நகல் எடுத்து வாசிக்கப்படும். கட்சி வித்தியாசம் கிடையாது. மேல்மடை, கடைமடை இரண்டு பக்கத்தாரும் கட்டாயம் வரவேண்டும். வேட்பாளர்களுக்கும் தகவல் சொல்லப்பட்டிருக்கிறது. வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு, மாலையும் பொன்னாடையும் கிடையாது. கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இவண்,
விவசாயிகள் சங்கக் கிளை